தக்காளி வண்டிப் பாட்டுக்காரி

திட்டினால் தாங்கிக்கொள்வாள். பாராட்டினால்தான் அவள் முகம் தொங்கிப்போகும். எல்லாப் பாராட்டுக்கும் அப்படி இல்லை. ஒரே ஒரு பாராட்டுக்கு: "அடேங்கப்பா, என்னாமா தமிழ் பேசறீங்க!"

பாலக்கோட்டில் அவளைப் புதிதாகப் பார்க்கிற யாரும் முதலில் சொல்வது இதைத்தான். பஸ் கண்டக்டர் சொல்வார், பாத்திரக்கடைக்காரர் சொல்வார், கோயிலில் விபூதி கொடுக்கிறவரும் சொல்வார். எல்லோரும் மனசாரத்தான் சொல்வார்கள். அவள் ஒரு நொடி அவர்களைப் பார்த்துவிட்டு, "நீங்களும் நல்லாத்தான் பேசறீங்க" என்பாள். சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு நம்மை நக்கல் செய்கிறாளோ என்று சந்தேகம் வந்துவிடும். நக்கல்தான். அந்த நக்கலுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

அவள் அம்மா ரஷ்யாக்காரர். எங்கள் ஊரிலிருந்து டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போன ஒருவர், பட்டத்தோடு அந்த அம்மாவையும், அந்த அம்மாவுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்திருந்த சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கொஞ்ச நாள் ஊர் கிசுகிசுத்தது. டாக்டர் ஊசி போட்டால் காய்ச்சல் நிற்கிறது என்று தெரிந்ததும் பேச்சும் நின்றுவிட்டது. அந்தச் சின்னப் பெண்தான் இவள். வந்தபோது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. சோளக்கதிர் நார் மாதிரி முடி, வெயில் பட்டால் சிவந்து தோலுரியும் மூக்கு. மற்றபடி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குதிக்கிற கிணற்றில் குதித்து, அவர்கள் வாங்குகிற அடியை வாங்கி, அவர்கள் பேசுகிற கெட்ட வார்த்தையும் பேசித்தான் வளர்ந்தாள்.

அம்மா கதை வேறு. அவர் டாக்டர் இல்லாவிட்டாலும் ஊர் அவரை டாக்டரம்மா என்றே கூப்பிட்டது. சந்தையில் விலை விழுந்து தக்காளி சீந்துவாரில்லாமல் கிடக்கும் நாட்களில், அந்த அம்மா காயாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துப்போய் பூண்டும் மல்லித்தழையும் போட்டு உப்புத் தண்ணீரில் ஊற வைப்பார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கும் ஒரு பாட்டில் வந்தது. என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, "உப்பப் போட்டுட்டு மொளகாத்தூள மறந்துட்டாங்க போலிருக்குது" என்றாள். நல்லாத் தமிழ் பேசறீங்க என்ற அதே பாராட்டை அந்த அம்மாவிடம் சொன்னால் முகம் பூரித்துவிடும். பேசுவதில் பாதிக்கு மேல் தப்பாக இருக்கும், அதனால் என்ன? நன்றி சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் நாலு தப்பு சேர்த்துப் பேசுவார்.

அம்மாவுக்கு இனிக்கிறது மகளுக்கு ஏன் கசக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மா வந்து கத்துக்கிட்டாங்கண்ணா. அவங்களச் சொன்னா சந்தோசம். நான் எங்க கத்துக்கிட்டேன்? உங்களுக்கு எப்பிடி வந்துச்சோ அப்பிடித்தான் எனக்கும் வந்துச்சு. உங்கள யாராச்சும் நல்லா தமிழ் பேசறீங்கன்னு சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் சொன்னதில்லை. என் தமிழாசிரியர் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒலிப்பதிவுக் கடை வைத்திருக்கிறேன். வெளியே போர்டில் ஸ்டூடியோ என்று இருக்கும். உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவேன் என்பதால் எல்லோரும் சீக்கிரமாகப் பேசி முடித்துவிடுவார்கள். ஆடித் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், கண்ணீர் அஞ்சலி, காய்கறி வண்டி என்று சுற்றுவட்டாரத்து ஒலிபெருக்கிக் குழாய்களில் கேட்கிற குரல்களில் முக்கால்வாசி அந்த அறையில் வேர்த்து ஊற்றப் பேசியவைதான்.

அந்த அறைக்கு அவள் கிடாரோடு வந்தபோது தருமபுரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியில் வரும்போது துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி மூடி, கண்ணாடி போட்டு, கையுறையும் மாட்டியிருப்பாள். வெயிலுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் உள்ளே வரும்போதே அப்படி ஒரு சிரிப்பு. "பெட்ரோல் பங்க்ல ஒருத்தரு, 'சில்லறையா எடுத்தார மாட்டியா, எல்லாம் எங்க உயிர எடுக்கறதுக்குன்னே வர்றீங்க'ன்னு மூஞ்சிய மூஞ்சியக் காட்டுனாருண்ணா!" என்றாள். பரிசு வாங்கிய மாதிரி சொன்னாள். அந்த மனிதர் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் இரண்டு வார்த்தையும் மரியாதையாக வந்திருக்கும், கூடவே தமிழ்ப் பாராட்டும் வந்திருக்கும்.

பாடும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டை அட்டையைப் பார்த்து நிற்பாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதிவு செய்கிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"ஏம் பாப்பா, என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்குது?"

"உங்க மூஞ்சி இல்லீங்கண்ணா, என் மூஞ்சி. அதப் பாத்துட்டா நீங்க பாட்டக் கேக்க மாட்டீங்க."

நான் மறுத்தேன். ஆனால் உண்மை அவள் பக்கம்தான் இருந்தது. முதல் பாட்டை அவள் என் பக்கம் திரும்பி நின்று பாடிக் காட்டியபோது, இந்த வாயிலிருந்து இந்தச் சொல் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, என்ன சொன்னாள் என்று கேட்டால் எனக்கு ஒரு வரி தெரியாது.

எல்லாம் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட பாட்டுகள். சினிமாப் பாட்டு ஒன்று பாடு என்றால் தலையை ஆட்டிவிடுவாள். மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்து ரஷ்யாவில் இருக்கும் தங்கையோடு போனில் அழுகிற அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு. கண்ணீரைக் காயவைக்கத்தான் அந்த அம்மா மின்விசிறிக்கு முன்னால் உட்காருகிறாராம். ஒகேனக்கல் போகிற பஸ்ஸில் புது மனைவி பக்கத்தில் இருக்க வாந்தி எடுக்கிற மாப்பிள்ளையைப் பற்றி ஒரு பாட்டு. பாடி முடித்ததும் திரும்பி, "எங்கண்ணா குறை?" என்பாள். எனக்குக் குறை சொல்ல வராது. என் தொழிலே, 'அருமையாப் பேசுனீங்க, அடுத்த ஆளு வாங்க' என்று அனுப்புவதுதான். அருமை என்றேன். முகம் தொங்கிவிட்டது.

"இந்த ஊர்ல ஒருத்தராச்சும் என் பாட்டப் பத்தி எங்கிட்ட சண்டைக்கு வரணும்ணா. இந்த எடம் சொத்தைன்னு சொல்லணும். அப்பத்தான் காதுல வுழுந்துச்சுன்னு அர்த்தம்."

அந்த வருஷம் தோழி ஒருத்தியின் கல்யாண வரவேற்பில் பாடினாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே மண்டபம் முழுக்கச் செல்போன்கள் எழுந்துவிட்டன. யாரோ எடுத்து இணையத்தில் போட்ட அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. ஒருநாள் மத்தியானம் என் கடையில் உட்கார்ந்து, கீழே வந்திருந்த கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். எல்லாம் தமிழ் வாழ்க. ஒருவர், வெள்ளைக்காரிக்குத் தெரிகிறது, நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்று தமிழின் நிலையை எண்ணி நீளமாக வருந்தியிருந்தார். பாடியது மாப்பிள்ளையின் வாந்தியைப் பற்றி என்பதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இத்தனை பேரு பாத்திருக்காங்க. ஒருத்தரும் கேக்கலியேண்ணா" என்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஓர் இணையச் சேனல்காரர்கள் கூப்பிட்டார்கள். பாவாடை தாவணி, தலை நிறைய மல்லிகை, வாரம் ஒரு பழைய சினிமாப் பாட்டு. டாக்டருக்கு ரொம்பப் பெருமை. டாக்டரம்மா துணிக்கடைக்குப் போய்த் தாவணியே எடுத்துவிட்டார். இவள் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். இங்கே யாருக்கும் தன் பாட்டு வேண்டாம் என்றால், அங்கே பொம்மையாக நின்றால்தான் என்ன என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தக்காளி விலை விழுந்தது. விலை விழுந்தால் எங்கள் ஊரில் இரண்டு நடக்கும். பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த தக்காளியை ஏற்றிக்கொண்டு திரும்ப மனசில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். இன்னொரு பக்கம், மலிவாகக் கிடைப்பதை மினி லாரியில் ஏற்றி, குழாய் கட்டி, ஊர் ஊராக விற்கிற வண்டிகள் பெருகிவிடும். அந்த வண்டிகளுக்கெல்லாம் குரல் என் கடையிலிருந்துதான் போகும்.

அன்று ஒரு வண்டிக்காரர் வந்தார். எனக்கு வழக்கமாகப் பேசித் தரும் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வண்டிக்காரரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூலையில் கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தவள், "நான் பேசறேன்" என்று எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

"தக்காளி, தக்காளி, பாலக்கோட்டுத் தக்காளி! ரசத்துக்கு ஆவும், சட்னிக்கு ஆவும், சண்டை வந்தா எறியறதுக்கும் ஆவும்! பாத்திரத்தோட ஓடியாங்கக்கா!"

வண்டிக்காரர் திரும்பி வந்து கேட்டார். "யாருங்க இது? நம்ம சந்தையில கூவற பொம்பளையாட்டமே இருக்குது" என்றார். அவள் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டாளா? கூவி முடித்ததும் தன் பாட்டு ஒன்றை ஒட்டித் தரச் சொன்னாள். ரோட்டில் கொட்டிக் கிடந்த தக்காளியைப் பார்த்துவிட்டு அந்த வாரம்தான் எழுதியிருந்தாள்.

*பழமெல்லாம் ரோட்டோரம் செவந்து கெடக்குது*
*பாத்துட்டுப் போறவரு கண்ணு கலங்குது*

"விக்கற பொருளுக்கே ஒப்பாரியா? அந்தாளு என்னய ஒதைப்பாரு" என்று சத்தம் போட்டேன். போட்டுவிட்டு ஒட்டியும் கொடுத்தேன். அவளிடம் என் கோபம் அவ்வளவுதான் செல்லும்.

அடுத்த வாரம் வண்டிக்காரர் வந்தார். உதைக்க வரவில்லை; கூட இன்னும் சில வண்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "பாட்டு ஓடறப்ப பொம்பளைங்க நின்னு கேக்கறாங்க. நின்னாங்கன்னா வாங்கித்தானே ஆவணும்? இவங்களுக்கும் அதையே போட்டுக் குடுங்க" என்றார். எல்லா வண்டியிலும் அந்தப் பாட்டு ஏறியது. காரிமங்கலம் பக்கம் போனது, பென்னாகரம் போனது, வத்தல்மலை அடிவாரம்வரை போனது. சந்தையில் தக்காளி தரம் பிரிக்கிற பெண்கள் முணுமுணுத்தார்கள். என் வீட்டில் என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். யார் பாடியது தெரியுமா என்று கேட்டேன். யாரோ சந்தைக்காரி, குரலில் வெயில் தெரிகிறது என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட கட்டளை.

அவள் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் வண்டிகளுக்குப் பின்னாலேயே சுற்றினாள். சந்தோஷமாக இருந்தாள். ஆனால் கொஞ்ச நாளில் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு அரிப்பு வந்துவிட்டது. "முக்காடு போட்டுக்கிட்டு எத்தனை நாளைக்குண்ணா பாடறது?" என்று கேட்டாள்.

மாரியம்மன் பண்டிகை வந்தது. விழாக் கமிட்டித் தலைவர், "தக்காளி வண்டிப் பாட்டு பாடுன பொண்ணக் கூட்டியாப்பா, மேடையில பாடட்டும்" என்று என்னிடம் வந்தார். அவளிடம் சொன்னேன். கிடாரில் கம்பி முறுக்கும் ஆணியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சரிங்கண்ணா. இந்த மூஞ்சியோட போயி நிக்கறேன். பாட்டக் கேட்டாங்கன்னா இங்கியே இருந்து எழுதறேன். தமிழு நல்லாருக்குதுன்னு மட்டும் சொன்னாங்கன்னா சென்னைக்குப் போயி தாவணி கட்டிக்கறேன்."

சேனல்காரர்களுக்கும் பண்டிகை முடிந்து பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்துப் பண்டிகை மேடைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடிகர்களைப் போல வேஷம் போட்டவர்கள், ஓடுகிற பாட்டுக்கு வாயசைத்து ஆடுவார்கள். அதுவும் ஒரு கலைதான், ஜனங்களும் ஆசையாகப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலமும் வெளிச்சம் இருக்கும்போதே அது தொடங்கியிருந்தது. அது முடிந்த கையோடு இவள் ஏறினாள். சாதாரணச் சுடிதார், கழுத்தில் கிடார். பார்த்ததும் கைதட்டல் பறந்தது. பாட ஆரம்பித்தாள்.

முதல் வரியிலேயே கூட்டம் பாட்டைக் கண்டுகொண்டது. கூடவே பாடவும் செய்தது. நான் சவுண்டு மேஜையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். விட்டது பாதியில் நின்றது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்:

"டேய், வாயசைக்குதுடா!"

"செல்லுல ஓடுது பாட்டு!"

"டான்ஸ்காரப் பொண்ண எறக்குங்க! வண்டிப் பாட்டு அக்காவக் கூப்புடுங்க!"

கெட்ட எண்ணத்தில் கத்தவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அந்தப் பாட்டுக்காரிக்கு அவர்கள் மனசுக்குள் ஒரு முகம் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த முகம் இது இல்லை. கமிட்டித் தலைவரே என் காதருகே குனிந்து, "ஏம்ப்பா, நெஜ ஆள எங்க வச்சிருக்கற?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கி, "இவதாய்யா பாடுனா! என் கடையிலதாய்யா பாடுனா!" என்று கத்தினேன். அதையும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மேடையில் அவள் பாட்டை நிறுத்திவிட்டு நின்றாள். அவள் கேட்டது நடந்துவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு அவள் பாட்டு தெரிந்திருந்தது, பிடித்தும் இருந்தது. அவளைத்தான் அதற்குள் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகளாக இருந்தால் அந்த நேரமே கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பேன்.

அவள் என்னைப் பார்த்து, கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினாள். மைக் செட்டை நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன். எல்லாக் குழாயும் ஒரேயடியாக அடங்கின. கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கவாட்டுப் படியில் இறங்கி, முன்னால் படுதா விரித்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர்கள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல், மறுபடி முதலிலிருந்து பாடினாள். முட்டை அட்டைக்கு முகத்தைக் காட்டியே பாடியவள், ஆட்களுக்கு முன்னால் அப்படி உட்கார்ந்து பாடி நான் பார்த்ததில்லை.

கிட்டே இருந்த பெண்கள் அவள் தொண்டையையே பார்த்தார்கள். பின்னால் சத்தம் போட்டவர்களைத் திரும்பி, "சும்மா கெடங்கடா!" என்று அதட்டினார்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கண்ணு கலங்குது என்ற இடம் வந்தது. அவளுக்கு நேரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சட்டென்று கையைத் தூக்கினார்.

"நிறுத்து, நிறுத்து."

நான் மேஜையை விட்டு எழுந்துவிட்டேன்.

"நீதான் பாடறன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப உன்னையே கேக்கறேன். இந்த எடம் வர்றப்பல்லாம் எனக்கு எரிச்சலா வரும். யாரு கண்ணு கலங்குனா? எங்க வூட்டுக்காரரு தக்காளியக் கொட்டிட்டு வந்தா அழுவறாரா? திட்டுவாரு. என்னயத் திட்டுவாரு, டிராக்டரத் திட்டுவாரு, மழையத் திட்டுவாரு. எங்கள எதுக்கு நீ பாட்டுல அழ வெக்கற?"

அவள் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்தாள். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அவ்வளவு பூரிப்பு.

"என்னான்னுக்கா திட்டுவாரு? சொல்லுங்க."

அந்த அம்மா சொன்னார். எழுத முடியாது. பக்கத்தில் இருந்தவர், "அது ஒண்ணுமில்ல, எங்க மாமனாரு சொல்லுவாரு பாரு" என்று அதைவிடப் பெரியதாக ஒன்று சொன்னார். கூட்டம் சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்தும் வர ஆரம்பித்தது. விலை வைத்தவன் வாயில் மண், வாடகை கேட்ட லாரி நாசமாய்ப் போக, என்று ஆளுக்கு ஒன்று. கடைசியில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்:

"நான் யாரையும் திட்ட மாட்டனுங்க! இன்னொரு தபா தக்காளி நட்டா என்னச் செருப்பால அடின்னு சொல்லுவேன்!"

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்தார். "போன வருசமும் அதையேதான் சொன்ன! மறுவாரமே நாத்து வாங்கியாந்த! எங்க அடிக்க வுட்ட?"

அவ்வளவுதான். கூட்டம் உருண்டு சிரித்தது. ஏனென்றால் அங்கே அந்தச் சத்தியம் செய்யாத வீடு இல்லை, அதைக் காப்பாற்றிய வீடும் இல்லை. கமிட்டித் தலைவர் அடுத்த நிகழ்ச்சி, அடுத்த நிகழ்ச்சி என்று கத்திப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய மெட்டிலேயே பாடினாள்:

*இன்னொரு தபா தக்காளி நட்டா — என்னச்*
*செருப்பால அடிங்கடி, சேந்து நின்னு அடிங்கடி*
*நாத்து வந்திருக்குதாம் நர்சரிக்கு — ரெண்டு*
*தட்டு எடுத்து வையிங்கடி, பேசாம வையிங்கடி*

முதல் இரண்டு வரி அவர்கள் கொடுத்தது. பின் இரண்டு வரி, நர்சரியில் நாற்று வளர்க்கிற குழித்தட்டு உட்பட, அவளுடையது. அந்தப் "பேசாம" வந்த இடத்தில் அந்த மனிதரின் மனைவி இவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவள் தமிழைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போடவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

மறுநாள் புதுப் பாட்டைப் பதிவு செய்து எல்லா வண்டிக்கும் மாற்றிக் கொடுத்தோம். சேனல்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டாக்டருக்கு என்மேல்தான் கோபம். கொஞ்ச நாள் எனக்கு ஊசியை அழுத்தியே போட்டார். டாக்டரம்மா அந்தத் தாவணியைத் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டார்.

பிறகு அவள் பெங்களூர் போனாள், சென்னை போனாள், திரும்பத் திரும்ப இங்கே வந்தாள். எந்த இசைக் கம்பெனியிலும் சேரவில்லை. தானே எழுதி, தானே பாடி, தானே வெளியிடுகிறாள். சின்னச் சின்ன அரங்குகளில் பாடுகிறாள். பெரிய ஆளாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன், பிழைத்துக்கொண்டாள். அவள் நிகழ்ச்சி விளம்பரங்களில் முகம் இருக்காது, ஒரு தக்காளிப் பெட்டியின் படம் இருக்கும். புதுப் பாட்டு எழுதினால் முதலில் எனக்கு அனுப்புவாள். நான் சந்தைக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் போட்டுக்காட்டி, அவர்கள் சொல்கிற குறைகளை அப்படியே அனுப்புவேன். அருமை என்ற சொல்லை அவளிடம் நான் பயன்படுத்துவதே இல்லை.

அந்தப் பாராட்டின் முள் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஒரு சாயங்காலம் ஊர் கூடிச் சண்டை போட்டது என்பதற்காக மறுநாள் பஸ் கண்டக்டர் மாறிவிடுவாரா? போன வருஷம்கூட ஒரு பேட்டியில், இவ்வளவு அழகாகத் தமிழ் பேச எங்கே கற்றீர்கள் என்றுதான் பேட்டி எடுத்த பெண் முதலில் கேட்டாள். "நீங்களும் நல்லாத்தான் பேசறீங்க" என்றாள் இவள். செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த நான் சிரித்த சிரிப்பில் சாதம் புரையேறிவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு சவுண்டு கட்ட பாப்பிரெட்டிப்பட்டி போயிருந்தேன். மண்டபத்துக்கு எதிரே தக்காளி வண்டி ஒன்று நின்றது. குழாயில் அதே குரல், அதே பாட்டு. வண்டிக்காரர் எனக்குத் தெரியாதவர். வாங்குகிற சாக்கில் கிட்டே போய், யார் பாடுவது என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"நம்ம பாலக்கோட்டுப் பொண்ணுங்க" என்றார் அவர். "என்னமோ வெள்ளக்காரப் பொண்ணுன்னு ஒருத்தன் செல்லுல போட்டோ காட்டறான். நான் நம்பலீங்க. செருப்பால அடின்னு சொல்லிப்போட்டு அடுத்த மூச்சுல நாத்து எடுத்து வையின்னு சொல்லுது பாருங்க. வெளிய இருந்து வந்தவங்களுக்கு இது வருமா? நம்மளதாங்க அது."

அங்கேயே கொஞ்சம் தள்ளி நின்று அவளுக்குப் போன் போட்டு அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அது நான்தான்னு சொல்லிட்டீங்களாண்ணா?"

"இல்ல பாப்பா. சொல்லட்டுமா? இங்கதான் நிக்கறாரு."

"வேணாங்கண்ணா" என்றாள். "தெரிஞ்சா, பாட்ட வுட்டுட்டு என்னயப் பாக்க ஆரம்பிச்சுருவாரு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கொஞ்சம் கழித்து அவளே, "குறை ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

திரும்பி அவரிடம் கேட்டேன், போனை அவர் பக்கமாக நீட்டிக்கொண்டே. அவர் தராசில் இருந்த தக்காளியைப் பையில் கவிழ்த்துக்கொண்டே யோசித்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா சட்டுனு முடிஞ்சுபோவுது. பொம்பளைங்க வூட்டுக்குள்ள போயி பாத்திரம் எடுத்துக்கிட்டு வாறதுக்குள்ள நின்னுருது. இன்னும் நாலு வரி இருந்தா தேவலாம்."

போனைக் காதில் வைத்தேன். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணா" என்றாள். "நாளைக்கும் அங்க வருவாரான்னு கேளுங்க. இன்னிக்கே எழுதிடறேன்."